கழற்றிய பாகத்தைக் காட்டிவிட்டுப் போகச் சொல்லுங்கள்: வாஷிங் மெஷின் நிறுவனத்தின் சர்வீஸ் பிரிவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சர்வீஸ் பிரிவுத் தலைவர் அவர்களுக்கு,

வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் வீட்டு டாப் லோடு வாஷிங் மெஷினுக்கு, அதை இயக்கும் மின்னணு போர்டை மாற்றிய விவரம் புகார் எண்ணோடு உங்கள் கணினியில் இருக்கிறது. அதை முதலிலிருந்து சொல்லி உங்கள் நேரத்தை எடுத்துக்கொள்ளப் போவதில்லை. நான் கேட்பது ஒன்றுதான். உங்கள் ஆட்கள் எங்கள் மெஷினிலிருந்து எந்தப் பாகத்தைக் கழற்றினாலும் எங்களிடம் காட்ட வேண்டும், அதில் என்ன பழுது என்று பில்லில் எழுத வேண்டும், பழையதை எங்களிடமே விட்டுவிட்டுப் போக வேண்டும்.

எங்கள் மெஷின் செய்தது இது. தண்ணீர் ஏறிக்கொண்டே இருக்கும், துவைக்கத் தொடங்காது. கொஞ்ச நேரம் கழித்து பீப் பீப் என்று கத்திக்கொண்டு, தண்ணீர் வரவில்லை என்று சொல்லும் இரண்டு எழுத்துகளைக் காட்டி நின்றுவிடும். மூடியைத் திறந்தால் தொட்டி நிறையத் தண்ணீர். உங்கள் ஆள் வந்தார். பின்பக்கத்தைத் திறக்கவே இல்லை. மேல் மூடியை மட்டும் கழற்றிப் பார்த்துவிட்டு, "போர்டு போச்சுக்கா. உங்க ஊர் உப்புத் தண்ணி, வேற ஒண்ணும் செய்ய முடியாது" என்றார். 5,200 ரூபாய் கொடுத்தோம். பழைய போர்டைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனார். மறுநாளே அதே பீப், அதே இரண்டு எழுத்து. திரும்ப அழைத்தால், "அப்போ சென்சாரா இருக்கும்" என்று இன்னொரு விலை சொன்னார்கள்.

அந்த நாட்களில் எங்கள் வீடு எப்படி இருந்தது என்பது உங்கள் புகார்ப் பதிவேட்டில் இருக்காது. அதனால் எழுதுகிறேன்.

அப்பா பக்கவாதம் வந்து படுக்கையில் இருக்கிறார். தினமும் இரண்டு மூன்று படுக்கை விரிப்பு, வேட்டி, துண்டு எல்லாம் துவைத்தாக வேண்டும். அப்போது கார்த்திகை மழை. கடலூரில் அந்த மாதம் கொடியில் போட்ட துணி காய்வதில்லை, நாற்றம்தான் ஏறும். மெஷின் ஸ்பின்னில் பிழிந்து கொடுத்தால்தான் ஃபேனுக்கடியில் விரித்து மறுநாளுக்குள் காயவைக்க முடியும். மெஷின் நின்றதும் நானும் அம்மாவும் கிணற்றடிக் கல்லில் துவைத்தோம். கனத்த விரிப்பை ஆளுக்கு ஒரு முனையாகப் பிடித்து முறுக்குவோம். முழங்கால் வலியோடு நிற்கும் அம்மாவின் கையிலிருந்து முனை நழுவிக்கொண்டே இருக்கும். எவ்வளவு முறுக்கினாலும் உள்ளே கொண்டு வந்து போட்டால் தரையெல்லாம் ஈரம்.

இதையெல்லாம் அப்பா கட்டிலில் இருந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். சாயங்காலத்துக்கு மேல் தண்ணீர் குடிப்பதை நிறுத்திக்கொண்டார். டம்ளரை நீட்டினால், "தாகமா இல்லம்மா" என்பார். தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்லி டாக்டர் அழுத்திச் சொல்லி அனுப்பியிருந்தார். ராத்திரி விரிப்பு நனையக் கூடாது, அம்மா கல்லில் நிற்கக் கூடாது என்று ஒரு மனிதர் தாகத்தை அடக்கிக்கொண்டு படுத்திருந்தார். ஐயா, உங்கள் ஆள் பின்பக்கத்தின் சில ஸ்குருக்களைக் கழற்றிப் பார்த்திருந்தால் இது நடந்திருக்காது.

அந்த ஸ்குருக்களைக் கழற்றியவர் முதுநகர் பக்கம் மிக்ஸி, கிரைண்டர் ரிப்பேர் பார்க்கும் ஒரு அண்ணன். மெஷினைச் சுவரிலிருந்து நகர்த்தி, பின்தகட்டை எடுத்து, டார்ச் அடித்துப் பார்த்தார். உள்ளே கைவிட்டு ஒரு மெல்லிய டியூபை வெளியே இழுத்து, "இங்க பாருங்கக்கா, எலி வேலை" என்று காட்டினார். டியூபின் கீழ்முனைக்குப் பக்கத்தில் பல் பதிந்த தடம், நடுவே ஒரு ஓட்டை. ஒரு முனையை விரலால் அடைத்துக்கொண்டு மறுமுனையில் ஊதினார். ஓட்டை வழியாகக் காற்று புஸ்ஸென்று வந்தது. என் கையைப் பிடித்து அதன் மேல் வைத்து உணரவும் செய்தார். பிறகு பழுதான துண்டை வெட்டிப்போட்டு, நல்ல முனையைத் திரும்பச் செருகி கிளிப் போட்டார். அன்று சாயங்காலமே விரிப்புகள் ஸ்பின்னில் பிழிந்து வெளியே வந்தன.

உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் எங்களுக்கு இதை இதுவரை யாரும் சொன்னதில்லை. தொட்டியின் அடியில் ஒரு சிறிய காற்றறை இருக்கிறது. அங்கிருந்து இந்த டியூப் மேலே இருக்கும் பிரஷர் சென்சாருக்குப் போகிறது. தொட்டியில் தண்ணீர் ஏற ஏற, அடியில் சிக்கிய காற்று அழுந்துகிறது. அந்த அழுத்தத்தை வைத்துத்தான் எவ்வளவு தண்ணீர் வந்திருக்கிறது என்று போர்டு தெரிந்துகொள்கிறது. டியூபில் ஓட்டை விழுந்தால் காற்று கசிந்துவிடும். தொட்டி நிறைந்தாலும் போர்டைப் பொறுத்தவரை அது காலிதான். போர்டில் குறையே இல்லை, அதற்குச் செய்திதான் போய்ச் சேரவில்லை. இதை வந்தவர் சோதித்திருக்க வேண்டாமா?

எலி கடித்தது வாரண்டியில் வராது என்று சொல்வீர்கள். ஒப்புக்கொள்கிறேன். எலி கடித்தது என்று சொல்லியிருந்தால் டியூபுக்கும் கூலிக்கும் உடனே பணம் கொடுத்திருப்பேன். எலி நுழையாமல் மெஷினின் அடியில் கம்பி வலை போடச் சொல்லியிருந்தால் அன்றைக்கே வாங்கிப் போட்டிருப்பேன். இப்போது போட்டிருக்கிறேன், அந்த அண்ணன் சொன்னதால்.

உப்புத் தண்ணீர் என்ற பதிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடலோர ஊரில் போர் தண்ணீர் கடினமாக இருக்கும் என்பது எங்களுக்குத் தெரியும். குழாய் வாயில் வெள்ளையாகப் படிவதைத் தினமும் பார்க்கிறோம். அது மெஷினில் என்ன செய்யும் என்பதும் தெரியும். தண்ணீர் உள்ளே நுழையும் இடத்தில் இருக்கும் சிறு வலையில் மணலும் உப்பும் சேர்ந்து அடைக்கும், தொட்டியின் வெளிச்சுவரில் படியும், சோப்பு நுரைக்காது. குழாயை மூடி, ஹோஸைக் கழற்றி, குறட்டால் அந்த வலையை மெதுவாக இழுத்து, பழைய டூத் பிரஷால் தேய்த்து மாட்டுவது என் மாத வேலை. ஆனால் தண்ணீரே தொடாத இடத்தில் இருக்கும் போர்டு உப்புத் தண்ணீரால் எப்படிப் போகும்? எங்கள் ஊர்த் தண்ணீரை எல்லாப் பழுதுக்கும் காரணமாக்கிவிட்டால் மெஷினைத் திறந்து பார்க்கும் வேலை மிச்சம் என்பதைத் தவிர வேறு விளக்கம் எனக்குத் தோன்றவில்லை.

இன்னும் இருக்கிறது. மோட்டாருக்கு 10 ஆண்டு வாரண்டி என்று மூடியில் பெரிதாக ஒட்டுகிறீர்கள். வீடுகளில் மெஷின் ஓடாமல் நிற்பது பெரும்பாலும் மோட்டாராலா? வால்வு, பெல்ட், தொட்டியைத் தாங்கும் கம்பி, டியூப் என்று சின்னச் சின்னதால்தான் நிற்கிறது. அவற்றுக்கு அந்த 10 ஆண்டு கிடையாது. புகார் சொல்லப் போன் செய்தால், புகாரைக் கேட்பதற்கு முன்பே ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் போடச் சொல்கிறார்கள். வந்த தம்பி பெட்டியைத் திறந்ததும் முதலில் எடுத்து வைத்தது தொட்டி சுத்தம் செய்யும் பவுடர் பாக்கெட்டை. "வாங்கிக்கோங்கக்கா, எங்களுக்கு டார்கெட் இருக்கு" என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. மழையில் நனைந்துகொண்டு வண்டியில் வந்த பையன். பழுதைக் கண்டுபிடித்ததற்காக அல்லாமல் பாகம் விற்றதற்காக அவரை மெச்சும் ஏற்பாட்டைச் செய்தவர்கள் மேல்தான் கோபம்.

பழைய போர்டை ஏன் எடுத்துப் போகிறீர்கள் என்று கேட்டதற்கு, மின்னணுக் கழிவு, கம்பெனிக்கு ஒப்படைக்க வேண்டும் என்றார். 2022ஆம் ஆண்டின் மின்னணுக் கழிவு விதிகள் மறுசுழற்சிப் பொறுப்பைத் தயாரிப்பாளர் மேல் வைத்திருப்பது உண்மை. அதற்காக, காசு கொடுத்து வாங்கியவர் கேட்டும் காட்டாமல் கொண்டு போகலாம் என்று ஆகிவிடுமா? என் போர்டு கழிவு இல்லை. அது வேலை செய்யும் போர்டு.

2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், நுகர்வோருக்குத் தெரிய வேண்டிய விவரத்தை வேண்டுமென்றே மறைப்பதையும் சேவைக் குறைபாடு என்றே சொல்கிறது. பழுதுபார்க்கும் உரிமைக்கென்று மத்திய நுகர்வோர் துறை 2022 டிசம்பரில் ஒரு இணையதளத்தையே திறந்தது. வீட்டுச் சாதனங்களும் அதில் உண்டு. 1915 என்ற நுகர்வோர் உதவி எண் எனக்கும் தெரியும், கடலூரில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கும் இடமும் தெரியும். அங்கே போவதற்கு முன் உங்களிடம் கேட்பதுதான் முறை என்பதால் இந்த மடல்.

ஆகவே தயவுசெய்து, சர்வீஸ் ஆட்களுக்கு ஒரு உத்தரவு அனுப்புங்கள். கழற்றும் பாகத்தை வீட்டுக்காரரிடம் காட்ட வேண்டும். பழுது இன்னது என்று பில்லில் எழுத வேண்டும். பழைய பாகத்தைக் கேட்டால் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். புதிய பாகம் போட்டும் அதே பழுது வந்தால், புதியதைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தைக் கொடுக்க வேண்டும். இதற்குப் புதிதாக ஒரு பைசா செலவில்லை.

என் விஷயத்தில், எங்கள் பழைய போர்டை அனுப்பிவையுங்கள். அந்த அண்ணனை வைத்தே மாட்டிக்கொள்கிறேன். நீங்கள் போட்ட போர்டை எடுத்துக்கொண்டு 5,200 ரூபாயைத் திருப்பிக் கொடுங்கள். பழையது கைக்குக் கிடைக்காது என்றால், ஏன் கிடைக்காது, அது இப்போது யார் வீட்டு மெஷினில் இருக்கிறது என்று எழுத்தில் தெரிவியுங்கள். பதில் தமிழில் இருந்தால் அப்பாவுக்குப் படித்துக் காட்ட வசதியாக இருக்கும்.

நன்றியுடன்,
உங்கள் வாடிக்கையாளர்,
மஞ்சக்குப்பம், கடலூர்