மரீன்கள் மாலுமிகள் அல்லர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் தங்கள் நாளிதழில் அமெரிக்க மரீன்களைப் பற்றி வந்த செய்தி ஒன்று, தலைப்பில் அவர்களைக் ‘கடற்படையினர்’ என்றும் உள்ளே ‘இராணுவ வீரர்கள்’ என்றும் குறிப்பிட்டிருந்தது. அதை உரக்க வாசித்துக்கொண்டிருந்த என் பேரன், “தாத்தா, பத்து உபானில் படகில் ரோந்து போகிறார்களே, அந்த மரீன் போலீஸ் மாதிரியா இவர்கள்?” என்று கேட்டான். நியாயமான கேள்வி, அவனுக்குத் தெரிந்த மரீன் அவர்கள்தாம்.

மரீன்கள் கப்பலைச் செலுத்துபவர்கள் அல்லர். கப்பலில் வந்து கரையில் இறங்கிப் போரிடுபவர்கள். அமெரிக்காவில் அவர்கள் கடற்படைத் துறையின் கீழ் இருந்தாலும், தமக்கெனத் தலைமைத் தளபதியைக் கொண்ட தனிப்படையினர். பிரிட்டனின் ராயல் மரீன்களோ கடற்படைக்குள்ளேயே ஓர் அங்கம். நிலத்தைப் பிடித்து மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் தன் வசம் வைத்திருப்பது தரைப்படையின் வேலை என்பதால், டாங்கி, பீரங்கி, எரிபொருள், உணவு என்று ஒரு பெரும் ஏற்பாடே அதன் பின்னால் நகர்கிறது. மரீன்கள் எண்ணிக்கையில் குறைவு; விரைந்து புறப்படக்கூடியவர்கள். அமெரிக்க மரீன்களுக்குச் சொந்தப் போர் விமானங்கள் உண்டு, ஆனால் சொந்த மருத்துவர்கள் இல்லை. குண்டடிபட்டு விழுந்த மரீனுக்குக் கட்டுப்போட ஓடிவருபவர் கடற்படையின் மருத்துவ உதவியாளர். 2020-இல் அறிவித்த சீரமைப்பில் தங்கள் டாங்கிகளையும் அவர்கள் கைவிட்டுவிட்டார்கள்.

கடல்வழியே வந்து இறங்குபவர் எல்லாரும் மரீன்கள் என்றும் கொள்ள முடியாது. 1941 டிசம்பர் 8-ஆம் தேதி கோத்தா பாரு கடற்கரையில் இறங்கியது ஜப்பானியத் தரைப்படை. 1945-இல் நம் நாட்டில், அன்றைய மலாயாவில், நடந்த இரண்டு தரையிறக்கங்களைத்தான் பேரனுக்கு எடுத்துச் சொன்னேன். செப்டம்பர் 2-ஆம் தேதி பினாங்குக் கடலில் நின்ற ‘நெல்சன்’ என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலில் ஜப்பானியர் சரணடைந்து கையொப்பமிட, மறுநாளே ராயல் மரீன்கள் கரையேறித் தீவைப் பொறுப்பேற்றார்கள். கப்பலில் இருந்தவர்களே அதற்குப் போதுமானவர்களாக இருந்தார்கள். தீபகற்பத்துக்கு அது போதவில்லை. செப்டம்பர் 9-ஆம் தேதி சிலாங்கூரின் மோரிப் கடற்கரையில் இந்தியத் தரைப்படை வீரர்கள் பெருந்திரளாக இறங்கினார்கள். அவர்களுடைய வண்டிகள் பல கரையோரச் சேற்றில் புதைந்து நின்றன. அத்தனை வண்டிகளைக் கொண்டுவந்ததே, வந்த இடத்தில் தங்கி நிலத்தைத் தம் வசம் வைத்திருக்க வேண்டியிருந்ததால்தான் என்றபோது அவனுக்கு வேறுபாடு பிடிபட்டது.

ஆகவே, ‘மரீன் படை’ என்றே எழுதி, முதல் முறை வரும் இடத்தில் ‘கப்பலிலிருந்து இறங்கிப் போரிடும் படை’ என ஒரு தொடரைச் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். நம் மரீன் போலீசார் காவல் துறையைச் சேர்ந்தவர்கள் என்பதால், அவர்களைக் ‘கடல் போலீஸ்’ என்று எழுதினால் தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்கும் குழப்பம் இராது.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
ஜோர்ஜ்டவுன், பினாங்கு