ஜெல் யார் ஓட்டுவது?

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. யாங்கோனில் எல்லோரும் நலம். பீலிக்கான் கோயிலில் உன் பெயருக்கு அர்ச்சனை செய்தாயிற்று.

டிஎன்ஏவை வைத்துக் கணக்குப் போடும் ஆராய்ச்சியில் சேரப்போவதாக எழுதியிருந்தாய். கம்ப்யூட்டரே திணறும் கணக்கை ஒரு சொட்டு தீர்த்துவிடும் என்று படித்ததும் அப்பாவுக்கு ஒரே பூரிப்பு. நானோ லேபில் டிஎன்ஏவை நகலெடுத்துப் பெருக்கும் பிசிஆர் ஓட்டியே தலை நரைத்தவள். எனக்கு வேறு மாதிரித் தோன்றுகிறது.

1994-இல் அமெரிக்கக் கணினி விஞ்ஞானி லெனார்ட் ஏடல்மன் டிஎன்ஏவில் போட்ட கணக்கையே எடுத்துக்கொள். 7 ஊர், 14 ஒருவழிப் பாதை. சொன்ன ஊரில் கிளம்பி, எல்லா ஊரையும் ஒரே தடவை தொட்டு, சொன்ன ஊரில் முடிக்க வேண்டும். டவுன் ஒருவழித் தெருக்களில் பருப்பு மூட்டை இறக்கும் நம் டிரைவர் தினமும் முனகுகிற கணக்குதான். ஊருக்கு 20 எழுத்தில் ஒரு டிஎன்ஏ இழை. பாதை இழையில் கிளம்பும் ஊரின் பின்பாதி 10, சேரும் ஊரின் முன்பாதி 10. ஊர் இழைகளுக்குப் பொருந்தும் ஜோடி இழைகளோடு கலந்து, ஒட்டும் நொதியான லைகேஸ் விட்டதும் எல்லா வழிகளும் தாமாகவே ஒட்டிக்கொண்டன. அழகுதான், மறுக்கவில்லை.

ஆனால் அதில் பெரும்பாலும் குப்பை. தொடக்கமும் முடிவும் சரியானதை பிசிஆரில் பெருக்கி, கரண்ட் ஓட்டி நீளவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் ஏழு ஊருக்கான 140 எழுத்துப் பட்டையை மட்டும் வெட்டி எடுத்து, காந்த மணிகளில் ஒவ்வோர் ஊராகப் பிடித்துப் பிடித்துக் கழுவினார். ஏழு நாள் வேலை! அந்தக் கணக்கைக் காகிதத்திலேயே போட்டுவிடலாம்.

உன் கடிதத்தில் இந்த ஏழு நாளைப் பற்றி ஒரு வரி இல்லை. கழுவும்போது நல்லதும் கொஞ்சம் போகும், வேண்டாததும் ஒட்டிக்கொண்டு வரும். இங்கே ஜெல் பாதி ஓடும்போது கரண்ட் போய்விடும். திரும்ப வருவதற்குள் பட்டைகள் கலங்கிக் கிடக்கும். மறுபடி முதலிலிருந்து.

அப்புறம் எடை. 1995-இல் ஹார்ட்மானிஸ் என்ற கணினி விஞ்ஞானி கணக்குப் போட்டுக் காட்டினார்: இதே முறையில் 200 ஊருக்குப் போனால், வேண்டிய டிஎன்ஏ பூமியைவிடக் கனமாகிவிடும். 2002-இல் ஏடல்மன் குழு வேறொரு புதிரில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட சாத்தியங்களிலிருந்து ஒரே விடையைப் பிடித்தது. பெரிய சாதனைதான். ஆனாலும் அந்த எடை விவகாரம் அப்படியேதான் இருக்கிறது.

சேராதே என்று சொல்லவில்லை. கம்ப்யூட்டரை ஜெயிக்கவென்று சேராதே. அந்தக் கழுவலில் பிழையைக் குறைக்க உனக்கு ஆசை இருந்தால் தாராளமாகச் சேர். கையெழுத்துப் போடுமுன் பேராசிரியரிடம் ஒன்று கேள்: ஜெல் ஓட்டப்போவது நீயா, வேறு ஆளா? நீதான் என்றால் லீவுக்கு வரும்போது சொல், பிப்பெட் பிடிக்க நான் பழக்கிவிடுகிறேன்.

அன்புடன்,
அம்மா