நானும் அந்தப் பாட்டை வாசித்தவன்தான்

ஈசூன், சிங்கப்பூர்,
ஞாயிறு இரவு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறது. சிலேத்தார் பெரியப்பா சென்ற வாரம் வந்து உன்னைப் பற்றிக் கேட்டுவிட்டுப் போனார். பெர்த்தில் இப்போது குளிர் தொடங்கியிருக்கும். வயலின் வாசித்து முடித்ததும், வில்லில் பூசும் ரோசினின் தூள் கம்பிகளில் படிந்திருக்கும்; அதைத் துடைத்துவிடு. வில்லைத் தளர்த்திய பிறகே பெட்டியில் வை.

பிப்ரவரியில் உன் குழு ஒரு திருமண வரவேற்பில் 'ராக்கம்மா கையத் தட்டு' வாசித்த காணொளியை அம்மா எனக்குக் காட்டினாள். தொடக்கத்து வயலின் வரிகளில் உன் வில் ஓரிடத்திலும் பிசகவில்லை. பதினான்கு ஆண்டுகள் உன்னோடு உட்கார்ந்தது வீண்போகவில்லை என்று நினைத்தேன். ஆனால் கூடமே கைதட்டிக்கொண்டிருந்தபோது நீ மட்டும் தவறு செய்தவளைப் போலத் தலைகுனிந்து நின்றாய். அதன் பிறகு ஒரு காணொளியும் வரவில்லை. அம்மாவிடம் எல்லாம் பேசுகிறாயாம், வயலின் என்றதும் பேச்சை மாற்றிவிடுகிறாயாம். நான் காரணம் கேட்கவில்லை. வில்லுக்கு முடி மாற்ற வேண்டுமானால் பணம் அனுப்புகிறேன்.

அந்தப் பாட்டில் தலைகுனிய என்ன இருக்கிறது? 1991இல் இளையராஜா 'தளபதி'க்காக அமைத்தது. குதியாட்டத்தின் நடுவே அப்பரின் 'குனித்த புருவமும்' தேவாரத்தை அவர் கொண்டுவந்து வைத்த இடத்தில் எனக்கு இன்றும் உடல் சிலிர்க்கிறது. உலகின் விருப்பப் பாடல்களுக்காக 2002இல் பிபிசி உலகச் சேவை நடத்திய வாக்கெடுப்பில் அது நான்காவதாக வந்தது. கச்சேரி மேடை மட்டும் என்ன? முத்தையா பாகவதர் மேற்கத்திய மெட்டின் சாயலில் அமைத்த 'இங்கிலீஷ் நோட்' என்ற உருப்படியை மதுரை மணி ஐயர் பாடப் பாட, சபை அதற்காகவே காத்திருந்தது. கச்சேரியின் கடைசியில் வரும் இத்தகைய சிறு உருப்படிகளைத் துக்கடா என்று ஒதுக்கிப் பேசுவோம். ஆனால் வாசிப்பவனின் முகம் மலர்வது அங்கேதான்.

இதையெல்லாம் உன் பதினேழாம் வயதில் நான் சொல்லியிருக்க வேண்டும். புளோக்கின் கீழ்த்தளத்தில் தீபாவளி விருந்தன்று நண்பர்களோடு நீ இதே பாட்டை வாசித்துவிட்டு மேலே வந்தபோது, "கையைக் கெடுத்துக்கொண்டாய்" என்று சொல்லி நான்கு நாள் பேசாமல் இருந்தேன். அம்மாவுக்கும் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். 1992இல் ஒரு மெல்லிசைக் குழுவில், சிராங்கூன் சாலைக் கல்யாணங்களில், நான் அதை எத்தனையோ முறை வாசித்திருக்கிறேன். குழுவினர் போதும் என்றாலும் நான்தான் இன்னொரு முறை கேட்பேன். ஒருநாள் என் குருநாதர் கேள்விப்பட்டு விசாரித்தார். அது நானில்லை என்று அவர் முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னேன்; மறுவாரமே குழுவை விட்டு விலகினேன். அந்த வெட்கத்தைத்தான் அன்று உன் மேல் இறக்கி வைத்தேன். பிழை என்னுடையது, அம்மா.

வயலின் உன்னிடம்தானே இருக்கிறது? வாசிக்காத நாளிலும் பெட்டியைத் திறந்து பார், கம்பிகளைத் துடைத்து வை. அடுத்த முறை அந்தப் பாட்டை வாசிக்கும்போது, எந்நேரமானாலும், என்னைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்க வை.

அன்புடன்,
அப்பா