எமிலி ஊட்டிய கஞ்சி

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை போலந்தின் கிராக்கோவில் லிபோவா தெருவில் நின்றுகொண்டு பேசினாய். இரண்டாம் உலகப் போரில் யூதர்களைத் தன் தொழிற்சாலையில் வேலைக்கு வைத்து நாஜிகளிடமிருந்து காப்பாற்றிய ஜெர்மன் முதலாளி ஷிண்ட்லரின் தொழிற்சாலை இப்போது அருங்காட்சியகமாக இருக்கிறது, உள்ளே போய்விட்டு இப்போதுதான் வெளியே வந்தேன் என்றாய். கொஞ்ச நேரம் உனக்குப் பேச்சே வரவில்லை. அப்புறம், "அம்மா, நாமளா இருந்தா செஞ்சிருப்போமா?" என்று கேட்டாய். அப்பா கூப்பிடுகிறார், அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். அப்பா கூப்பிட்டது உண்மைதான். ஆனால் எனக்குப் பதில் தெரியவில்லை என்பதும் உண்மை. மூன்று நாளாக அதே நினைப்பு. போனில் சொன்னால் பாதியில் அறுந்துவிடும் என்று கடிதமாக எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் ஒரு பாரத்தை இறக்கி வைக்கிறேன். பத்தாம் வகுப்புக்கு இரண்டாம் உலகப் போர் நடத்தும்போதெல்லாம் நான் "ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்" படத்தின் கடைசிக் காட்சியைச் சொல்லுவேன். உனக்கும் சொல்லியிருக்கிறேன். போர் முடிந்த இரவில் ஷிண்ட்லர் தன் காரைப் பார்க்கிறார், சட்டையில் குத்தியிருந்த தங்கப் பின்னைப் பார்க்கிறார். இதை விற்றிருந்தால் இன்னும் பத்துப் பேர், இதை விற்றிருந்தால் இன்னும் இரண்டு பேர் என்று உடைந்து அழுகிறார். பிள்ளைகள் கண் கலங்கிக் கேட்பார்கள். எனக்கும் ஒவ்வொரு வருஷமும் தொண்டை அடைக்கும்.

அந்த அழுகை நடக்கவில்லை, தம்பி. ஓய்வு பெற்ற பிறகு நிதானமாகப் படிக்கும்போதுதான் தெரிந்துகொண்டேன். 1945 மே மாதம் அவர் தொழிலாளர்களையும் காவலுக்கு நின்ற எஸ்.எஸ். என்ற நாஜிப் படை ஆட்களையும் கூட்டிவைத்துப் பேசியது உண்மை. பழிவாங்கப் புறப்பட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதும் உண்மை. ஒரு கைதியின் பல்லில் இருந்த தங்கத்தை உருக்கி மோதிரம் செய்து கொடுத்தார்களே, அதுவும் உண்மை. ஆனால் மண்டியிட்டு அழுதது திரைக்கதை. உண்மையில் அந்த இரவு அவர் மனைவியோடு வண்டியேறித் தப்பிப் போனார்.

படத்தின் பெயரில் வருகிற பட்டியல், அதாவது காப்பாற்ற வேண்டிய தொழிலாளர்களின் பெயர்ப் பட்டியல், அந்த விஷயமும் அப்படித்தான். ஷிண்ட்லர் பெயர் சொல்லச் சொல்ல அவருடைய யூதக் கணக்கர் ஸ்டெர்ன் தட்டச்சு செய்வதாகப் படத்தில் வரும். நிஜத்தில் பட்டியலில் யார் பெயர் சேரும், யார் பெயர் விழும் என்பதில் மார்செல் கோல்ட்பெர்க் என்ற இன்னொரு கைதியின் கை பெரிதாக இருந்தது. அவர் லஞ்சம் வாங்கிக்கொண்டு பெயர் சேர்த்தார் என்று பிழைத்தவர்களே சொல்லியிருக்கிறார்கள். படத்து ஸ்டெர்னும் ஒரே ஆள் அல்ல. இட்சாக் ஸ்டெர்ன், மியெடெக் பெம்பர், அபிரகாம் பாங்கியர் என்ற மூவரைப் பிசைந்து ஒருவராக்கியிருக்கிறார்கள். நீ பார்த்துவிட்டு வந்த அந்தப் பாத்திரத் தொழிற்சாலையின் வியாபாரத்தை அன்றாடம் நடத்தியவர் பாங்கியர்தான்.

மூன்றே கால் மணி நேரத்துக்குள் கதை சொல்ல வேண்டியவர் ஆட்களைச் சுருக்கத்தான் செய்வார், அதைக் குற்றம் என்று நான் சொல்லவில்லை. இயக்குநர் ஸ்பீல்பெர்க் அந்தப் படத்தை எடுக்காமல் இருந்திருந்தால் நான் வகுப்பில் அந்தப் பெயரைச் சொல்லியிருக்கவே மாட்டேன். என் மனதில் முள்ளாகக் குத்துவது எமிலி.

எமிலி ஷிண்ட்லர் யார் என்று கேட்டால் படம் பார்த்தவர்களுக்கு என்ன நினைவு வரும்? கணவன் வேறு பெண்களோடு இருப்பதைப் பார்த்துவிட்டு ரயிலேறிப் போய்விடுகிற மனைவி. கடைசியில் அவர் தேவாலயத்துக்குத் தேடி வந்து, இனி ஒழுங்காக இருப்பேன் என்று சொல்லும்போது கேட்டுக்கொள்கிற மனைவி. அவ்வளவுதான்.

1945 ஜனவரிக் கடைசியில் என்ன நடந்தது என்று சொல்கிறேன், கேள். ஆஷ்விட்ஸ் என்ற நாஜி கொலைமுகாமோடு சேர்ந்த கோலெஷாவ் என்ற இடத்தில் கல்குவாரியில் வேலை செய்த யூதர்களை மாடு ஏற்றுகிற ரயில் பெட்டிகளில் அடைத்து, பூட்டி அனுப்பிவிட்டார்கள். எங்கே இறக்குவது என்றே இல்லாமல் ஒரு வாரம் போல அந்தப் பெட்டிகள் சோறு தண்ணீர் இல்லாமல் அலைந்தன. கடைசியில் ஷிண்ட்லர் புதிதாகத் தொழிற்சாலை வைத்திருந்த புருன்லிட்ஸுக்குப் பக்கத்தில் வந்து நின்றன. கதவுகள் பனியில் உறைந்து ஒட்டிப்போயிருந்தன. நெருப்பு வைத்து உருக்கித்தான் திறக்க முடிந்தது. உள்ளே பத்துப் பேருக்கு மேல் விறைத்துச் செத்துக் கிடந்தார்கள். உயிரோடு இருந்த நூற்றுச் சொச்சம் பேரும் எலும்பும் தோலும்தான்.

அவர்களைப் பொறுப்பெடுத்துக்கொண்டது எமிலி. அப்படிப் பட்டினி கிடந்த வயிற்றுக்கு ஒரேயடியாகச் சாப்பாடு கொடுத்தால் ஆள் செத்துப்போவான். பாட்டிக்குக் காய்ச்சல் தெளிந்த அன்று நான் எப்படிக் கஞ்சியை ஆற்றி ஆற்றிக் கொடுத்தேன், நீ பார்த்திருக்கிறாய். அப்படி நூறு பேருக்கு, நாள் கணக்கில், வாரக் கணக்கில். மருந்துக்கு அலைந்து, உணவுக்கு அலைந்து, சுற்றுவட்டாரத்தில் கேட்டு வாங்கி வந்து ஊட்டினார். இந்தச் சம்பவத்துக்குப் படத்தில் ஒரு காட்சிகூட இல்லை.

படத்தின் முடிவில், பிழைத்தவர்கள் வரிசையாக வந்து ஜெருசலேமில் ஷிண்ட்லரின் கல்லறை மீது கல் வைக்கிறார்கள் அல்லவா? அந்த வரிசையில் சக்கர நாற்காலியில் ஒரு மூதாட்டி வருகிறார். அவர்தான் நிஜ எமிலி. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வருவது படத்தில் எமிலியாக நடித்த நடிகை. எத்தனை தடவை பார்த்திருக்கிறேன், ஒரு தடவையும் அந்த முகத்தை நான் கவனித்ததில்லை! கணவர் கல்லறைக்குக் கல் வைக்க வந்தவராக மட்டும் அவர் திரையில் நின்றுவிட்டார். அர்ஜென்டினாவில் தனியாக, பண நெருக்கடியில் பல வருஷம் வாழ்ந்து 2001ல் காலமானார். இஸ்ரேலின் யாத் வாஷெம் நினைவகம், உயிரைப் பணயம் வைத்து யூதர்களைக் காத்த பிற இனத்தவருக்குக் கொடுக்கும் பட்டத்தை 1993ல் இருவர் பெயரிலும்தான் கொடுத்தது.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு காப்பாற்றியவர்கள் பற்றிய எந்தப் படம் பார்த்தாலும் எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. இங்கே சமைத்தது யார், துணி துவைத்தது யார், மலச்சட்டியை எடுத்துப் போய்க் கொட்டியது யார் என்று தேடுகிறேன். ஒளித்து வைப்பது என்றால் பெரும்பாலும் இதுதானே? படத்தில் துப்பாக்கியும் பூட்ஸ் சத்தமும் வந்துவிடும். ஆறு பேருக்கு ரேஷன் வாங்குகிற வீட்டில் பதினாறு பேருக்கு உலை வைப்பது எப்படி என்பது வராது.

அக்னியெஷ்கா ஹாலண்ட் 2011ல் எடுத்த "இன் டார்க்னஸ்" கொஞ்சம் வேறு மாதிரி. லுவூவ் நகரம், போருக்கு முன் போலந்து, இன்றைக்கு உக்ரைன். லியோபோல்ட் சோஹா சாக்கடைத் தொழிலாளி, சில்லறைத் திருட்டும் உண்டு. யூதர்களை அடைத்து வைத்திருந்த கெட்டோ என்ற பகுதியிலிருந்து சாக்கடைக்குள் இறங்கித் தப்பியவர்களை மறைத்து வைக்கக் கூலி பேசுகிறான். தினமும் இவ்வளவு என்று பணம் கை மாறுகிறது. அவர்கள் கையில் பணம் தீர்ந்த பிறகும் அவன் வருவதை நிறுத்தவில்லை. 14 மாதம். கடைசியில் மேலே ஏறி வெளிச்சத்துக்கு வந்தவர்கள் பத்துப் பேர்.

எனக்கு அந்தப் படம் பிடித்ததற்குக் காரணம், உள்ளே ஒளிந்திருக்கிறவர்களைத் தெய்வங்களாக்கவில்லை. சண்டை போடுகிறார்கள், பொறாமைப்படுகிறார்கள், ஒருவரை ஒருவர் ஏமாற்றுகிறார்கள். காப்பாற்றப்படுகிறவர்கள் நல்லவர்களாகவும் நன்றியுள்ளவர்களாகவும் இருந்தாக வேண்டும் என்று பல படங்கள் நினைக்கின்றன. அப்படி இருந்தால்தான் அவர்கள் உயிருக்கு மதிப்பா? ஹாலண்டின் அப்பா யூதர். அம்மா கத்தோலிக்கர், போர்க்காலத்தில் யூதர்களுக்கு உதவியதற்காக யாத் வாஷெம் பட்டம் பெற்றவர். அந்த வீட்டில் வளர்ந்தவருக்கு இது தெரிந்திருக்கிறது. ஆனாலும் அங்கேயும் சோஹாவின் முகம்தான் பெரிது. நிஜத்தில் சோஹாவோடு வ்ரூப்லெவ்ஸ்கி, கோவாலூவ் என்று இரண்டு சக தொழிலாளிகள் சேர்ந்து சுமந்தார்கள். அழுக்குத் துணிகள் சாக்கடையிலிருந்து மேலே போய், சோஹாவின் மனைவி மக்தலேனா துவைத்து, மறுபடி கீழே வந்தன. அக்கம்பக்கத்தார் கண்ணில் படாமல் அத்தனை பேர் துணியை எங்கே காயப்போட்டாள் அவள்? யாராவது அதைப் படமெடுத்திருக்கலாம். 1946ல் மகள் மேல் மோத வந்த ராணுவ லாரியிலிருந்து அவளைக் காப்பாற்றப் போய் சோஹா இறந்தான்.

"ஒன் லைஃப்" படத்தை உன் அக்கா போட்டுக் காட்டினாள். 1939ல் பிராகிலிருந்து 669 பிள்ளைகளை லண்டனுக்கு ரயிலேற்றிய நிக்கோலஸ் வின்டன் கதை. அதில் அவர் அம்மா அலுவலகம் அலுவலகமாக ஏறி விசாவுக்கு மல்லுக்கட்டுகிறார். பிராகிலேயே இருந்து வேலை பார்த்த டோரீன் வாரினர், ட்ரெவர் சாட்விக் இருவருக்கும் படம் இடம் கொடுத்திருக்கிறது. கோப்பு, முத்திரை, புகைப்படம், ஒரு பிள்ளைக்கு 50 பவுண்டு பிணைத்தொகை என்று காகித வேலையைக் காட்டியது எனக்குப் பிடித்தது. ஆனால் அந்த ரயில் கிளம்பும்போது என்னால் வின்டனைப் பார்க்க முடியவில்லை, தம்பி. ஜன்னல் வழியாகப் பிள்ளையின் கையை விடுகிற அம்மாக்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்களில் பெரும்பாலோர் திரும்பிப் பிள்ளையைப் பார்க்கவே இல்லை. உன்னை விமான நிலையத்தில் விட்டுவிட்டு வந்த அன்று இரவு பூரா நான் தூங்கவில்லை, அதுவும் படிக்கப் போகிற பிள்ளை, நினைத்தால் பேசலாம் என்று தெரிந்தும்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். அதற்குப் பக்கத்தில் போகிற ஒரே படம் என்று எனக்குத் தோன்றுவது 1965ல் வந்த செக்கோஸ்லோவாக்கியப் படம், "தி ஷாப் ஆன் மெயின் ஸ்ட்ரீட்". யான் காடார், எல்மார் க்ளோஸ் இருவரும் இயக்கியது. காடாரின் பெற்றோர் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டவர்கள். 1942, ஸ்லோவாக்கியாவில் ஒரு சிறு ஊர். டோனோ என்ற தச்சன், நம் தெருவில் இருக்கிற யார் மாதிரியும் இருக்கிற ஆள். யூதர்களின் கடைகளைப் பிடுங்கி மற்றவர்களுக்குக் கொடுக்கும் சட்டத்தில் அவனுக்கு ஒரு பொத்தான் கடை கிடைக்கிறது. கடைக்காரி காது கேளாத கிழவி. தனக்கு உதவிக்கு ஆள் வந்திருக்கிறான் என்று நினைத்துக்கொள்கிறாள். அவனும் அப்படியே நடிக்கிறான், அவள் மேல் பிரியமும் வந்துவிடுகிறது. ஊர் யூதர்களையெல்லாம் சதுக்கத்தில் நிறுத்திப் பெயர் வாசிக்கிற நாள் வருகிறது. ஜன்னலுக்குப் பின்னால் நின்றுகொண்டு அவன் குடிக்கிறான். ஒளித்து வைக்கலாம் என்கிறான். அடுத்த நிமிஷம், இவளோடு என்னையும் பிடித்துவிடுவார்களே, போய்த் தொலை என்று அவளைப் பார்த்துக் கத்துகிறான். சிப்பாய்கள் கடையை நோக்கி வருவதைப் பார்த்ததும் அவளை உள் அறைக்குள் பிடித்துத் தள்ளிப் பூட்டுகிறான். கதவைத் திறக்கும்போது அவள் இறந்து கிடக்கிறாள்.

அவன் கெட்டவன் இல்லை. பயந்தவன். அந்த மத்தியானத்தில் அவன் மனசு ஒரு பக்கமும் மறு பக்கமும் ஆடுகிற ஆட்டத்தை என்னால் உட்கார்ந்து பார்க்க முடியவில்லை, ஏனென்றால் அது எனக்கு அந்நியமாக இல்லை.

நீ இருக்கிற போலந்தில், கெட்டோவை விட்டு வந்த யூதருக்கு இடம் கொடுத்தால் மரண தண்டனை என்று 1941 அக்டோபரில் ஆணை போட்டார்கள். மார்கோவா என்ற கிராமத்தில் உல்மா என்ற குடும்பம் எட்டு யூதர்களை வீட்டில் வைத்திருந்தது. 1944 மார்ச் 24ம் தேதி அந்த எட்டுப் பேரையும், யூசெஃப் உல்மாவையும், நிறைமாதக் கர்ப்பிணியாக இருந்த அவர் மனைவி விக்டோரியாவையும், அவர்களின் ஆறு பிள்ளைகளையும் சுட்டுக் கொன்றார்கள். ஆறு பிள்ளைகள், தம்பி. நீயும் அக்காவும் சின்னப் பிள்ளைகளாகத் தூங்கிக்கொண்டிருக்கும்போது ராத்திரி கதவைத் தட்டியிருந்தால் நான் திறந்திருப்பேனா? திறந்திருப்பேன் என்று உனக்கு எழுத எனக்கு ஆசை. ஆனால் எனக்குத் தெரியாது. அப்பாவிடம் கேட்டேன். அவரும் ரொம்ப நேரம் பதில் சொல்லவில்லை.

60 லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டார்கள். யாத் வாஷெம் இதுவரை பட்டம் கொடுத்தவர்கள் உலகம் முழுக்க 28,000 சொச்சம் பேர். காப்பாற்றியவர்கள் படமாக வந்து வந்து, ஏதோ அன்றைக்குத் தெருவுக்கு ஒரு ஷிண்ட்லர் இருந்தது போல எனக்கே ஒரு மயக்கம் இருந்தது. வகுப்பில் அந்த மயக்கத்தைப் பிள்ளைகளுக்கும் ஏற்றிவிட்டேன் என்பதுதான் இப்போது என் கவலை.

உனக்கு ஒரு வேலை சொல்கிறேன். தொழிற்சாலையிலிருந்து கால் மணி நேர நடையில், பழைய கெட்டோவின் சதுக்கம் இருக்கிறது. வெறும் நாற்காலிகளை நினைவுச் சின்னமாக வைத்திருப்பார்கள். அதன் ஓரத்தில் "கழுகு மருந்துக்கடை" என்று ஒன்று இருந்தது, இப்போது அருங்காட்சியகம். தாதேயுஷ் பான்கியெவிச் என்ற போலந்துக்காரர், கெட்டோ வந்த பிறகும் கடையைக் காலி செய்ய மறுத்து உள்ளேயே நடத்தினார். சோதனை நேரத்தில் ஒளிந்திருக்கும் குழந்தை அழாமல் இருக்கத் தூக்க மருந்து கொடுத்தார்கள், அடையாளத்தை மாற்றத் தலைமுடிச் சாயம் கொடுத்தார்கள், வெளியே கடிதம் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். கொடுத்தார்கள் என்று பன்மையில் சொல்கிறேன், ஏனென்றால் அவரோடு மூன்று பெண்கள் வேலை பார்த்தார்கள். அனுமதிச் சீட்டைக் காட்டி நாள் தவறாமல் அந்தச் சுவருக்குள் போய் வந்தவர்கள். இரேனா ட்ரோஜ்ஜிகோவ்ஸ்கா, ஹெலேனா கிரிவானியுக், அவுரேலியா தானெக்.

வரும் சனிக்கிழமை அங்கே போ. கல்லாவையும் மருந்துப் புட்டிகளையும் படமெடுத்து அனுப்பு. அடுத்த மாதம் என் பழைய மாணவிகள் சிலர் வீட்டுக்கு வருகிறார்கள், அவர்களிடம் முதலில் எமிலியைப் பற்றியும் அப்புறம் இந்த மூன்று பேரைப் பற்றியும் சொல்லப்போகிறேன். அந்தப் பெயர்களை நான் எழுதியிருப்பது சரியான உச்சரிப்பா என்று தெரியவில்லை. அங்கே இருக்கிறவர்களிடம் மெதுவாகச் சொல்லச் சொல்லி, பதிவு செய்து எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அம்மா