தம்பிக்கு, நீ அனுப்பிய றேசர் பற்றி

முள்ளியவளை

அன்புள்ள தம்பி,

நானும் அம்மாவும் நலம். மாமி கொண்டுவந்த பெட்டியில் நீ வைத்துவிட்ட, முகம் வழிக்கிற ஒற்றைப் பிளேட் டைட்டேனியம் றேசர் பத்திரமாக வந்து சேர்ந்தது. வந்து நாற்பது நாள் ஆகிறது. "அப்பா, பாவிச்சுப் பார்த்து உள்ளதைச் சொல்லுங்கோ, நல்லதெண்டால் நானும் ஒண்டு எடுக்கப் போறன்" என்று சொன்னாய். போனில் நீ கேட்ட நேரமெல்லாம் பிறகு சொல்கிறேன் என்று தள்ளிவிட்டேன். இரண்டு சொல்லில் முடிகிற கதை இல்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது நல்ல சாமான். எனக்குப் பிடித்திருக்கிறது, இருக்கும்வரை பாவிப்பேன். ஆனால் நீ இதை வாங்காதே. உனக்கு இதே மாதிரித் தலையுள்ள, இதைவிடப் பாரமான ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் றேசர்தான் சரி. காரணங்களைச் சொல்கிறேன், ஆறுதலாக வாசி.

நாற்பது வருடம் இரும்பு கடைகிற லேத்தில் நின்றவன் ஒரு சாமானைக் கையில் எடுத்தால் முதலில் அது என்ன உலோகம் என்றுதான் பார்ப்பான். காந்தம் ஒட்டவில்லை. அதை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, பித்தளையிலும் ஒட்டாது, நல்ல ஸ்டெயின்லெஸிலும் ஒட்டாது. கிரைண்டர் கல்லில் தொட்டால் டைட்டேனியம் கண் கூசுகிற வெள்ளைப் பொறி பறக்கும்; நீ அனுப்பியதைக் கல்லில் வைக்க எனக்கு மனம் வருமா? அதனால் முல்லைத்தீவு டவுனில் நமக்குத் தெரிந்த நகைக்கடைக்குக் கொண்டுபோனேன். தராசில் 54 கிராம் காட்டியது. அப்புறம் ஒரு தம்ளர் தண்ணீரைத் தராசில் வைத்து, அதன் பாரத்தைப் பூச்சியமாக்கி, றேசரை நூலில் கட்டித் தண்ணீருக்குள் அடியில் முட்டாமல் தொங்கவிட்டோம். 12.2 கிராம் காட்டியது. 54ஐ 12.2ஆல் பிரித்துப் பார், 4.4 வரும். பித்தளை என்றால் எட்டரைக்குக் கிட்ட வரவேண்டும், ஸ்டீல் என்றால் எட்டுக்குக் கிட்ட. ஆக, உன்னை ஏமாற்றவில்லை. விமானத்துக்கும் முறிந்த எலும்புக்கு வைக்கிற தகட்டுக்கும் பாவிக்கிற, அலுமினியமும் வனேடியமும் கலந்த டைட்டேனியத்தின் கணக்கு அதுதான்.

பிறகு அளவு பார்த்தேன். டிராக்டர் எஞ்சினுக்கு டப்பட் வைக்கிற, மெல்லிய தகடுகளை விட்டு இடைவெளி அளக்கிற பீலர் கேஜ் இன்னும் என்னிடம் இருக்கிறது. இந்த றேசரில் மூன்று துண்டு: மேல் மூடி, அடித்தட்டு, கைப்பிடி. பிளேட்டைப் பூட்டி, பிளேட்டின் வாய்க்கும் அடித்தட்டுக்கும் நடுவில் கேஜை விட்டுப் பார்த்தேன். ஒரு பக்கம் 0.70 மில்லிமீற்றர். மறுபக்கமும் 0.70. நாலு மூலையிலும் அதே அளவு. முகம் வழிக்கிற றேசரில் உயிர் இந்த இடைவெளியில்தான் இருக்கிறது. இடைவெளி கூடினால் பிளேட் கடிக்கும், குறைந்தால் தாடியைத் தடவிவிட்டுப் போகும். ஒரு பக்கம் கூடி மறுபக்கம் குறைந்தால் ஒரு கன்னம் வழுவழு, மறு கன்னம் இரத்தம். மலிவு றேசர்களில் நடப்பது அதுதான். உன் காசில் நியாயமான பங்கு இந்த வேலைக்குப் போயிருக்கிறது. செய்தவர் யாரோ, கை தேர்ந்தவர்.

அந்த உலோகத்தில் இவ்வளவு சுத்தமாக வேலை எடுப்பது லேசுப்பட்டதில்லை. இரும்பைக் கடையும்போது சூட்டில் பெரும்பகுதி சுருளோடு போய்விடும். டைட்டேனியம் சூட்டைச் சரியாகக் கடத்தாது, பெரும்பாலான சூடு கடைசல் உளியின் நுனியிலேயே நிற்கும், உளி சீக்கிரம் தேயும். வேகமாக ஓட்டவும் முடியாது. இன்னொரு குணம், டைட்டேனியமும் டைட்டேனியமும் உரசினால் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். கைப்பிடியின் மரை காய்ந்திருந்தால் ஒருநாள் இறுகிப்போய்க் கழற்றவே வராது. நான் மாதம் ஒருமுறை மரையில் ஒரு சொட்டு எண்ணெய் விடுகிறேன்.

விலையைக் கேட்டபோது நீ 320 டொலர் என்றாய். நம் காசில் 60,000 ரூபாய்க்கு மேல். அன்றிரவு எனக்குச் சரியாக நித்திரை வரவில்லை. நான் சின்னப் பெடியனாக இருந்தபோது கொக்கிளாயில் உன் பெரியப்பாவோடு கரைவலைக்குப் போவேன். முகத்துவாரத்துக்கு அந்தப் பக்கம் புல்மோட்டை. கடற்கரை முழுக்கக் கறுப்பு மணல், மத்தியான வெயிலில் கால் வைக்க முடியாது. பழைய ரேடியோ ஸ்பீக்கர் காந்தத்தை மணலில் இழுத்தால் கறுப்புத் துகள் மீசை மாதிரி ஒட்டிக்கொண்டு வரும். அந்த மணலில் இருக்கும் இல்மனைட் என்ற கனிமத்துக்குள் இருப்பது இதே டைட்டேனியம்தான் என்று அப்போது எனக்குத் தெரியாது. 1791இல் இங்கிலாந்தில் வில்லியம் கிரிகோர் என்ற பாதிரியார் இதை முதலில் கண்டதும் ஒரு கறுப்பு மணலில்தான். நம் கரையின் மணல் மணலாகவே கப்பலேறிப் போகிறது. உலகத்தில் எடுக்கிற இல்மனைட்டில் பெரும்பகுதி வெள்ளைப் பெயின்ட் மாவாகத்தான் முடியும். உலோகமாக்குவதென்றால் குளோரினோடு சேர்த்து, காய்ச்சி வடித்து, பிறகு காற்றுப் படாமல் மக்னீசியத்தோடு சூடாக்க வேண்டும். அவ்வளவு பாடு இருப்பதால்தான் அந்த விலை. நம் மணல் என்று நான் உரிமை கொண்டாடவில்லை, எந்த நாட்டு மணலில் வந்ததோ. ஆனாலும் இதைக் கையில் எடுக்கும்போதெல்லாம் கொக்கிளாய்க் கரையில் கால் சுட்டது ஞாபகம் வருகிறது.

இனி அப்பப்பாவின் றேசருக்கு வருவோம். கைப்பிடியின் அடியைத் திருகினால் மேல்மூடி இரண்டு கதவாகத் திறக்குமே, அந்த ஜில்லெற்தான். உள்ளே பித்தளை, வெளியே பூச்சு. 2008 கடைசியில் போரில் இடம்பெயர்ந்தபோது லேத்தைத் தூக்க முடியவில்லை. சின்னச் சாமான்களுக்குக் கிறீஸ் பூசி, பால்மா ரின்னில் போட்டு, மாமரத்தடியில் தாட்டேன். இந்த றேசரும் அதற்குள் கிடந்தது. திரும்பி வந்தபோது லேத் இல்லை, வீட்டுக்குக் கூரை இல்லை, ரின் இருந்தது. ரின்னுக்குள் தண்ணீர் இறங்கி, றேசரின் பூச்சு உரிந்து, பித்தளை பச்சை பிடித்துப்போய் இருந்தது. அம்மா புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துத் தந்தா. அன்றைக்கே அதால் முகம் வழித்தேன். நீ அனுப்பியதை உப்புத் தண்ணீரில் பத்து வருடம் போட்டு வைத்தாலும் ஒன்றும் ஆகாது. நம் கடற்காற்றுக்கும், சித்திரை வைகாசியில் கிணறு இறங்கியபின் வரும் கல்லுத் தண்ணீருக்கும் அது பெரிய குணந்தான். வெள்ளையாக உப்புப் படியும், தேசிக்காய்ப் பாதியால் தேய்த்தால் போய்விடும்.

ஆனால் தம்பி, ரொறன்ரோவில் நீ குளியலறைக்குள் வைத்துப் பாவிக்கப் போகிறாய். அங்கே துருவுக்குப் பயந்து டைட்டேனியம் வாங்கத் தேவையில்லை, நல்ல ஸ்டெயின்லெஸ் உன் ஆயுளுக்கும் காணும். இரண்டாவது காரணம் இதைவிட முக்கியமானது. அது பாரம்.

அப்பப்பாவின் றேசர் 78 கிராம். கன்னத்தில் வைத்தால் தன் பாரத்திலேயே இறங்கும், கை வழிகாட்டினால் போதும். 54 கிராமில் அந்த இறக்கம் இல்லை. என் கை தன்னையறியாமல் அழுத்தியது. முதல் வாரத்திலேயே நாடியில் இரண்டு இடத்தில் வெட்டிக்கொண்டேன். ஐம்பது வருடமாக முகம் வழிக்கிற எனக்கே அப்படியென்றால், நாலைந்து பிளேட் அடுக்கிய றேசரை அழுத்தி இழுத்துப் பழகிய உனக்கு என்ன ஆகும்? இரண்டாம் வாரம் கைப்பிடியின் கடைசி நுனியில், இரண்டு விரலுக்கும் பெருவிரலுக்கும் நடுவில் மட்டும் பிடித்துப் பார்த்தேன். அதற்குப் பிறகு வெட்டே இல்லை. இப்போது இந்த லேசு எனக்குப் பிடித்துவிட்டது. காலையில் விரல் மூட்டு இறுகிக் கிடக்கிற நாட்களில் பாரமில்லாத சாமான் ஒரு சுகம். அந்தச் சுகம் உன் வயதுக்குத் தேவையில்லை. தொடங்குகிறவனுக்குப் பாரம்தான் வாத்தியார்.

போனவாரம் வீடியோவில் உன் கழுத்தைப் பார்த்தேன். சிவந்து சிவந்து பொக்குளம் போட்டிருக்கிறது. அம்மா வெக்கை என்று சொல்கிறா. அது வெக்கை இல்லை. நம் ஆட்களுக்குச் சுருட்டைத் தாடி. பல பிளேட் உள்ள றேசரில் முதல் பிளேட் முடியை இழுக்க, பின்னால் வருவது தோலுக்குக் கீழே வைத்து வெட்டிவிடும். வெட்டிய முடி சுருண்டு தோலுக்குள்ளேயே வளரும். ஒற்றைப் பிளேட் தோல் மட்டத்தோடு நிற்கும். ஜில்லெற் என்ற மனுஷன் இந்தக் கழற்றிப் போடுகிற பிளேட்டை 1903இல் விற்கத் தொடங்கி, அந்த வருடம் 51 றேசரும் 168 பிளேட்டுந்தான் விற்றாராம். இன்றைக்கும் பெட்டிக்கடையில் வாங்குகிற பிளேட் அப்பப்பாவின் றேசருக்கும் பொருந்துகிறது, உன்னுடையதற்கும் பொருந்துகிறது.

2006இல் நீ வெளிக்கிட்டபோது உனக்குப் பதினாறு. அரும்பு மீசை விட்டிருந்தது. வைகாசியில் காட்டித் தரலாம் என்று நினைத்திருந்தேன், மாசியிலேயே நீ போய்விட்டாய். யாரிடம் பழகினாயோ, இது வரைக்கும் நான் கேட்டதும் இல்லை. இப்போது எழுதுகிறேன்.

குளித்து முடிந்தபின் வழி, முன்னால் வேண்டாம். தாடி ஊற வேண்டும். சவர்க்காரத்தைத் தூரிகையில் எடுத்து முகத்திலேயே சுற்றிச் சுற்றி நுரைக்க வை, தயிர் மாதிரி வரவேண்டும், பொங்குகிற குமிழ் நுரை உதவாது. போர் நாட்களில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் நல்ல சவர்க்காரமும் கிடைக்காது, பிளேட்டும் கிடைக்காது. ஒரே பிளேட்டைக் கண்ணாடித் தம்ளரின் உட்பக்கத்தில் விரலால் அழுத்தித் தேய்த்து மாதக்கணக்கில் வழித்தோம். நீ அந்தக் கஞ்சத்தனம் பண்ணாதே, ஐந்தாறு தடவைக்கு ஒரு பிளேட் மாற்று. மூடியைக் கன்னத்தில் படுக்க வைத்து, பிளேட் தொடுகிற வரைக்கும் மட்டும் கைப்பிடியை இறக்கு. காது கேட்கும், சரியான சாய்வில் காய்ந்த ஓலை கிழிகிற சத்தம் வரும். முதல் மாதம் தாடி வளர்கிற பக்கமாக மட்டும் இழு. கழுத்தில் அது ஒவ்வொரு இடத்தில் ஒவ்வொரு பக்கம் வளரும், விரலால் தடவிப் பார்த்துக்கொள். இழுப்பு சின்னதாக இருக்கட்டும். முழுதாகப் போகவில்லையே என்று அதே இடத்தில் திரும்பத் திரும்ப இழுக்காதே. திரும்ப நுரை பூசிவிட்டு இழு.

ஸ்டெயின்லெஸ் வாங்கும்போது மூன்று துண்டு றேசராக, இடைவெளி 0.60க்கும் 0.70க்கும் நடுவில் பார்த்து எடு. பூட்டியபின் பிளேட் இரண்டு பக்கமும் ஒரே அளவு வெளியே தெரிகிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார். கோணலாக இருந்தால் திருப்பிக் கொடு. மிச்சக் காசைச் சின்னவளின் நீச்சல் வகுப்புக்குக் கட்டு.

மாமி வற்றாப்பளை அம்மன் கோவில் பொங்கல் முடிந்துதான் திரும்புகிறா. அவவிடம் ஒரு படிகாரக் கல் கொடுத்துவிடுகிறேன். வழித்து முடிந்ததும் நனைத்து முகம் முழுக்கத் தடவு. எரிகிற இடத்தில்தான் நீ அழுத்தியிருப்பாய், அடுத்த நாள் அந்த இடத்தில் கையை விட்டுப் பிடி. இங்கே வாங்கிய பிளேட் ஐந்து பெட்டியும் வைக்கிறேன், அது கைப்பையில் போகாது, பெரிய பெட்டிக்குள் வைக்கச் சொல்லியிருக்கிறேன். அம்மா ஒடியல் மா இடித்து வைத்திருக்கிறா. அப்பப்பாவின் றேசரைச் சுத்தப்படுத்தித் துணியில் சுற்றி அந்த மாப் பைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். ஸ்டெயின்லெஸ் வாங்கும் வரைக்கும் அதால் பழகு.

அன்புடன்
அப்பா