குத்தகை முடிந்த காணிக்குப் புதிதாக முளைக்கும் உறுதி

ஆசிரியருக்கு,

சொந்தக்காரர் கொழும்பிலோ வெளிநாட்டிலோ இருக்க, குத்தகைத் தவணை முடிந்தும் ஆள் எழும்பாத வளவுகளும் கடையறைகளும் மட்டக்களப்பிலும் கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கங்களிலும் நிறைய உண்டு. சில காலம் போக, அதே காணிக்குக் குத்தகைக்காரர் பெயரில் ஓர் உறுதி, அதாவது காணிப் பத்திரம், வந்துவிடுகிறது. அது வரும் வழி பெரும்பாலும் ஒன்றுதான்.

முதலில் உள்ளூராட்சி சபையில் சோலைவரி (காணி, கட்டட வரி) அவர் பெயருக்கு மாறும். கரண்ட் பில்லும் கிராம சேவகரின் கடிதமும் அதோடு சேரும். இவற்றைக் காட்டி, ‘பத்து வருடத்துக்கு மேல் தடையின்றி ஆண்டு வருகிறேன்’ என்று நொத்தாரிசிடம் பிரகடன உறுதி முடிப்பார்கள். அந்த உறுதியில் எல்லைகளைத்தான் பார்க்க வேண்டும். பழைய உறுதியில் ஒருவரின் வளவு என்றிருந்த வடக்கு எல்லை புதியதில் ஒழுங்கை ஆகியிருக்கும். காணிப் பெயரும் பரப்பும் சற்று மாறியிருக்கும். விபரம் பொருந்தாததால் காணிப் பதிவகத்தில் அது பழைய ஏட்டில் (அந்தக் காணியின் உறுதிகளைப் பதியும் பக்கத்தில்) ஏறாது, தனி ஏடு திறபடும். பழைய ஏட்டை மட்டும் பார்க்கும் சொந்தக்காரருக்கு எல்லாம் சுத்தமாகவே தெரியும். அதற்குள் காணி மூன்றாம் ஆளுக்குக் கைமாறியிருக்கும்.

‘பதிந்தாயிற்று, இனி அசைக்க ஏலாது’ என்று சொல்லி மிரட்டுவோரை நம்ப வேண்டாம். 1927ஆம் ஆண்டின் 23ஆம் இலக்க ஆவணப் பதிவுக் கட்டளைச் சட்டப்படி பதியப்படுவது ஆவணம். உரித்துக்கு, அதாவது காணி சொந்தம் என்பதற்கு, அது சான்றிதழ் அல்ல. ஆனால் ஒரே ஆளிடமிருந்து வந்த இரண்டு உறுதிகளில், மோசடி இல்லாவிட்டால், முந்திப் பதிந்ததே முன்நிற்கும். சீதன உறுதியைப் பதியாமல் அலுமாரிக்குள் வைத்திருப்போர் இதைக் கவனிக்க வேண்டும்.

பத்து வருட ஆட்சி (காணியைக் கைவசம் வைத்து அனுபவித்தது) என்ற வாதமும் குத்தகைக்காரருக்கு இலகுவில் எடுபடாது. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க ஆட்சியுரிமைச் சட்டம் கேட்பது சொந்தக்காரருக்கு எதிரான ஆட்சியை. குத்தகையின் கீழ் உள்ளே வந்தவர், அந்த நிலை மாறியதை வெளிப்படையான செயலால் காட்ட வேண்டும். மனதுக்குள் நினைத்தது போதாது. சிக்கல் என்னவென்றால், குத்தகைக்கு வந்தவர் என்று காட்டச் சொந்தக்காரரிடம் துண்டு இருப்பதில்லை. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட வேண்டும் என்பது 1840 முதல் உள்ள சட்டம். முத்திரை ஒட்டிய வெள்ளைத் தாளை நம்பினால், தாள் தொலைந்து சாட்சியும் செத்தபின் வாய்ச்சொல்தான் மிஞ்சும். தவணை முடிந்ததும் சட்டத்தரணி மூலம் விலகல் அறிவித்தல் அனுப்பி, பதிவுத்தபால் துண்டைப் பத்திரப்படுத்துங்கள்.

பதிவகத்தில் தேடும்போது உங்கள் ஏட்டோடு நிற்காமல், அயல் காணிகளின் ஏடுகளையும், கொடுக்கப்பட்டும் இன்னும் ஏட்டில் ஏறாத உறுதிகளுக்காக நாட்பதிவேட்டையும் பார்க்கச் சொல்லுங்கள். ஆட்சேபனை அறிவித்தல் ஒன்றைப் பதிந்து வைத்தால், உங்கள் காணிக்கு ஆவணம் வரும்போது அறிவிக்க வேண்டிய கடமை பதிவாளருக்கு உண்டு. அதற்குத் தவணை இருக்கிறது, புதுப்பிக்க வேண்டும். வெளிநாட்டில் இருப்போர் தம் சார்பில் செயற்பட இன்னொருவருக்குக் கொடுத்த அதிகாரப் பத்திரமான அற்றோணித் தத்துவத்தை இனித் தேவையில்லையென்றால் முறைப்படி இரத்துச் செய்யுங்கள். கொடுத்தவர் இறந்தபின் அதைக் கொண்டு முடித்த விற்பனைகளும் நடக்கின்றன.

கள்ள உறுதி தெரியவந்தால் பொலிஸில் முறையிடலாம்; ஆனால் உறுதியை இரத்துச் செய்வது மாவட்ட நீதிமன்றம் மட்டுமே. வழக்குப் போட்டதும் அந்த வழக்கையும் காணிப் பதிவகத்தில் பதிய வேண்டும். இதைத் தவறவிட்டு, வழக்கு நடக்கும்போதே காணி இன்னும் இரண்டு கை மாறியதைப் பார்த்துத் தலையில் கைவைப்போர் பலர். பலவந்தமாக வெளியேற்றப்பட்டவருக்கு முதனிலை நீதிமன்ற நடவடிக்கைமுறைக்கான 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கச் சட்டத்தின் 66ஆம் பிரிவு விரைவான வழி. வெளியேற்றப்பட்டு இரண்டு மாதத்துக்குள் விடயம் நீதிமன்றத்துக்குப் போய்விட வேண்டும். அங்கு தீர்வது ஆட்சி மட்டும், உரித்து அல்ல.

அரச காணி வேறு கதை. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கிடைத்த அளிப்புக் காணியைப் பிரதேச செயலாளரின் முன் சம்மதமின்றி விற்றால் அந்த உறுதி செல்லாது. அரசு அனுமதிப்பத்திரத்தில் மட்டும் கொடுத்த பெர்மிட் காணியை ‘உறுதி பிறகு தாறன்’ என்று காசு வாங்கிக்கொண்டு விற்பதும் அப்படித்தான். அரசுக்கு எதிராகப் பத்து வருட ஆட்சி ஓடாது. அரச காணியை மீட்பதற்கான 1979ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டப்படி விடயம் நீதவான் நீதிமன்றத்துக்கு வந்தால், கையில் செல்லுபடியான பெர்மிட்டோ அரசின் எழுத்து அனுமதியோ இருக்கிறதா என்பதே கேள்வி. நல்ல மனதோடு வாங்கினேன் என்பது பதிலாகாது. வயற்காணி வாங்குவோர் கமநல சேவை நிலையத்தில் நெற்காணி இடாப்பையும் பார்க்க வேண்டும். அதில் குத்தகை விவசாயி பெயர் இருந்தால் அவரைச் சும்மா எழுப்ப முடியாது.

உள்ளூராட்சி சபைகள் ஒன்றைச் செய்யலாம். சோலைவரிப் பெயரை மாற்ற வருபவரிடம் காணிப் பதிவகப் பிரதியைக் கேட்டு, ஏற்கெனவே பெயர் உள்ளவருக்கு அறிவித்தல் அனுப்பி, ஒரு மாதம் பொறுத்தபின் மாற்றினால், மேலே சொன்ன வழியின் முதற்படியே அடைபடும்.

இப்படிக்கு,
காணி விடயங்களில் அனுபவமுள்ள ஒரு வாசகர்,
களுவாஞ்சிக்குடி.