சுளுக்குக்கு மாத்திரை வாங்கும் முன்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வள்ளிமலை, ரத்தினகிரி படிகளில் இறங்கும்போது கால் பிசகினால், மெடிக்கலுக்குப் போய் "வலிக்கு ஏதாவது கொடுங்க" என்று கேட்கும் பழக்கம் நம் ஊரில் அதிகம். தயவுசெய்து அட்டையின் பின்புறத்தைப் படியுங்கள். அசெக்ளோஃபெனாக் என்ற வலிமருந்து கலந்த மாத்திரை பலவற்றில் 325 மி.கி. பாராசிட்டமாலும் இருக்கிறது. அதோடு வீட்டிலிருக்கும் 650 மி.கி. பாராசிட்டமாலையும் போட்டால் ஒரே மருந்து இரண்டு பெயரில் உள்ளே போகும்; அளவு மிஞ்சினால் கெடுவது கல்லீரல். மேலும், அசெக்ளோஃபெனாக் மருத்துவர் சீட்டுடன் மட்டுமே வாங்க வேண்டியது.

சாதாரணச் சுளுக்குக்கு வெறும் பாராசிட்டமாலே பெரும்பாலும் போதும். பெரியவர்கள் 650 ஒன்று, 6 மணி நேர இடைவெளியில், நாளுக்கு நான்குக்கு மேல் வேண்டாம். குடிப்பழக்கமோ கல்லீரல் நோயோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டே போட வேண்டும்.

இபுப்ரோஃபென் என்ற வலிமாத்திரை வேறு ரகம். அது சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கக்கூடியது. வேலூர் வெயிலில் வியர்த்து வற்றிய உடம்புக்கு அது ஆபத்து. வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள், கர்ப்பிணிகள் தாமாக வாங்கவே கூடாது. காய்ச்சலும் சேர்ந்திருந்தால் டெங்கு இல்லை என்று தெரியும்வரை வேண்டாம்.

முதல் இரண்டு நாள் எண்ணெய் போட்டு உருவுவதும் வெந்நீர் ஒத்தடமும் வீக்கத்தைக் கூட்டும். துணியில் சுற்றிய ஐஸ் 15 நிமிடம் வையுங்கள். வலிக்குத் தடவும் டைக்ளோஃபெனாக் ஜெல்லைச் சிராய்ப்பின் மேல் தடவாதீர்கள்.

நாலு அடி வைக்க முடியாவிட்டாலோ, கணுக்கால் மொளியின் பின் ஓரத்தை அழுத்தும்போது எலும்பே வலித்தாலோ, மாத்திரையில் வலி அடங்கினாலும் எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
மருந்தாளுநர்கள் சிலர்,
வேலூர்